ஏலக்காரரின் ஜெபம்

"மெதுவா ஜெபம் பண்ணுங்கன்னா, மீனை ஏலம் விடுற மாதிரி கூவுறீங்களே! கர்த்தருக்குக் காது கேட்காதா?"

"அவருக்குக் கேட்கும். எனக்குத்தான் மெதுவாப் பேச வராது" என்றார் கணவர்.

துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுவது அவருடைய தொழில். படகு இயந்திரங்களின் இரைச்சலை வென்று பழகிய அந்தக் குரலுக்கு ஊரார் சூட்டிய பெயர் 'ஒலிபெருக்கி'. நாடெங்கும் கலவரம் மூண்டு, துறைமுகத்தில் கல்லெறிந்த கூட்டத்தின்மேல் குண்டு பாய்ந்து, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, ஆலயக் கதவுகளும் அடைக்கப்பட்ட பின்னர், அவர் தம் வீட்டின் முன்னறையிலேயே மாலைதோறும் முழங்காலில் நின்று தேசத்துக்காக மன்றாடி வந்தார்.

மனைவி ஜன்னல் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். தெருமுனையில் காவல் வண்டி அசையாமல் நின்றது.

"நேத்து என்ன ஜெபிச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

"நாட்டு மனசைத் திருப்புறதுக்கு முன்னாடி எங்க மனசைத் திருப்பும், ஆண்டவரேன்னு ஜெபிச்சேன். அது தப்பா?"

"அதுக்கப்புறம்?"

"கல்லெறிஞ்சவனையும் மன்னியும், சுட்டவனையும் மன்னியும்னு..."

"ஐயோ, அதுதான்! துறைமுகத்துல யாருமே சுடலைன்னு ரேடியோவுல மூச்சுக்கு மூச்சு சொல்றாங்க. நீங்க சுட்டவனை மன்னிக்கச் சொல்றீங்க! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு! உங்களைத் தூக்கிட்டுப் போயிட்டா, நானும் பிள்ளைங்களும் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

அவள் கண்கள் கலங்கியதைக் கண்டதும் அவர் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டார்.

"சரிம்மா. இன்னைக்கு வாயே திறக்கலை."

தலையணையில் முகம் புதைத்து அவர் ஜெபித்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன, தோள்கள் குலுங்கின, ஓசை மட்டும் எழவில்லை. வேண்டிப் பெற்ற அந்த அமைதி, மனைவிக்கே என்னவோ போலிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு காவலர் துப்பாக்கியுடன் நின்றார். "சத்தமா ஜெபம் பண்றது இந்த வீடுதானே?"

"இனிமே சத்தமே வராதுங்க, சார்! தெரியாமச் சொல்லிட்டாரு. பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க!" கணவரை மறைத்து நின்று அவள் கைகூப்பினாள்.

"நேத்து 'சுட்டவனையும்'னு சொன்னது யாரு?"

"அவளை விடுங்க, தம்பி. நான்தான் சொன்னேன்" என்று எழுந்தார் ஏலக்காரர். மறைக்கத் தெரியாத அக்குரல் தெருமுனை வரை சென்றது.

காவலர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அதை இன்னைக்கும் ஒரு தடவை சத்தமாச் சொல்லுங்கண்ணே. அன்னைக்குத் துறைமுகத்துல நின்ன நாங்க அஞ்சு பேரும், ஆமென் சொல்றதுக்காக வண்டியில காத்துக்கிட்டிருக்கோம்."