டப்பாவுக்குள் போன கை

லாரிக்காரரின் கை அப்பாவின் மாத்திரை டப்பாவுக்குள் போய்விட்டு வந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

அப்பா உள்ளே குழாயில் ஊதிக்கொண்டிருந்தார். நுரையீரலில் எவ்வளவு காற்று பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை. அன்றைக்குக் கொடுத்த புது டப்பாவைப் பையில் போட்டு, வழக்கம்போல ஆஸ்பத்திரி பெஞ்சில், தன்னைப்போலவே அங்கே மருந்து வாங்கும் சிநேகிதரான லாரிக்காரர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போனவள் சீக்கிரம் திரும்பி வந்ததுதான் வினை.

கடையில் கிடைக்கிற மாத்திரையா அது? நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய்க்கு இப்போதுதான் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடியும்வரை ஒழுங்காக வந்தவர்கள் எல்லோருக்கும் அதன்பிறகு நிஜ மருந்தே தருவார்கள். நடுவில் விதியை மீறினால் வெளியே.

அப்பாவுக்கு வந்தது நிஜ மருந்து என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. மருந்தியல் படிக்கிறவள். குளியலறைவரை நடந்தாலே மூச்சு வாங்கிய மனுஷர் இப்போது மாடி ஏறுகிறார். லாரிக்காரரோ வந்த நாளிலிருந்து அதே இருமல்.

"அங்கிள், எங்கப்பா டப்பால என்ன எடுத்தீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. மூடி சரியா மூடலையேன்னு பார்த்தேன்."

"அப்ப உங்க டப்பா ஏன் திறந்திருக்கு?"

அவர் அவசரமாகத் தன் டப்பாவை மூடினார். அப்பா இருந்த அறையின் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான், அவள் நேரே சிஸ்டரிடம் போய்விட்டாள். சிஸ்டர் பூசி மெழுகத்தான் பார்த்தார். ரெண்டு பேரும் அவ்வளவு சிநேகமாயிற்றே, பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார். சிநேகிதன் திருடினால் அது திருட்டில்லையா என்று இவள் திருப்பிக் கேட்டாள். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் தின்றால் கடைசியில் வருகிற கணக்குக்கு என்ன அர்த்தம், அதை நம்பி நாளைக்கு மருந்து சாப்பிடப் போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று குரலை உயர்த்தினாள். டாக்டரம்மா வந்துவிட்டார். நியாயம் அவள் பக்கம் இருந்தது; யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

லாரிக்காரரும் மறுக்கவில்லை.

"ஆமாம்மா, மாத்திக்கிட்டேன். அவர் தேறிட்டு வர்றார், நான் தேறலை. அவரோடது நிஜம்னு புரிஞ்சுபோச்சு. அதுல பாதியை எடுத்துக்கிட்டு, எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு என்னோடதுல பாதியை அதுல போட்டேன்."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அவரை எதுவும் செஞ்சிடாதீங்க."

அப்பாவின் டப்பாவுக்குள் மாவு. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

லாரிக்காரரின் பெயரை ஆய்விலிருந்து அடித்தார்கள். டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஏமாந்தவர் என்பதால் அப்பாவுக்கு எதுவும் இல்லை. கலந்துபோன டப்பாவுக்குப் பதில், அவருடைய எண்ணிலேயே இன்னொன்று, சீல் உடைக்காதது, கிடைத்தது.

போகும்போது லாரிக்காரர் அவள் முன்னால் நின்றார்.

"அப்பாவைக் கடைசிவரைக்கும் இங்கே கூட்டிட்டு வந்துடு பாப்பா. நடுவுல விட்டுடாதே."

அக்கறையைப் பாரு என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசல்வரை அந்த இருமல் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் அப்பாவிடம் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவன் டப்பாவையும் வாங்கிட்டாங்களா?"

"பின்னே, திருடனுக்கு மருந்து குடுத்து அனுப்புவாங்களா?"

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இவ்வளவு தூரம் நடந்ததற்கு வராத மூச்சிரைப்பு இப்போது வந்தது.

"நீ திரும்பிப் போய் எதுவும் சொல்லிடக் கூடாது. சொன்னா என்னையும் எடுத்துடுவாங்க. அவன் கெட்ட பேர் வாங்கினது வீணாப் போயிடும்."

"என்னப்பா சொல்றீங்க?"

அவர் புது டப்பாவின் சீலை உடைத்து, ஒரு மாத்திரையை நகத்தால் இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

"கடி."

கடித்தாள். நாக்கில் கரைந்தது.

"எப்படி இருக்கு?"

"சப்புன்னு... மாவு மாதிரி இருக்கு."

"சேர்ந்த புதுசுல, பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டு பேரும் விளையாட்டா இதையேதான் செஞ்சோம்" என்றார் அப்பா. "அவனோடது கசந்துதும்மா."