மன்னார் எண்ணெயும் கஸ்பரின் டாங்கியும்

டயகம தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. மூன்று நாளாக எந்தப் பெட்ரோல் செட்டிலும் எண்ணெய் இல்லை. ஆட்டோவின் பின்சீட்டில், பிரசவ வலியோடு சிசிலி கம்பியை இறுகப் பிடித்திருக்கிறாள். டாங்கியில் கிடக்கிற பெட்ரோல் ஆஸ்பத்திரி வரை தாங்குமா? அளவு காட்ட முள் இல்லாத வண்டி. அவள் புருஷன் கஸ்பர் காதைச் சாய்த்துக்கொண்டு வண்டியை உலுக்குகிறான். ரேடியோவிலோ, மன்னார் கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதென்று இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். "ஒன்னும் கேக்கலயே புள்ள" என்கிறான். "மொதல்ல அவனுங்க வாய மூடுங்க" என்கிறாள் சிசிலி. ரேடியோ நிற்கிறது. மறுபடி உலுக்குகிறான். சளக், சளக். கஸ்பர் நிமிர்கிறான். "தாராளமா போய்ச் சேரலாம்." வியர்த்த நெற்றியோடு சிசிலி சிரிக்கிறாள். "மன்னாரையும் இப்படி ஒருக்கா உலுக்கிப் பாத்தா என்னவாம்?"