கொல்லை நிலை

பெரிய வீட்டை இடித்துப் பத்தொன்பது வருடமாகிறது. தேக்குத் தூண்களை அப்போதே விற்றுத் தின்ற நல்லபெருமாள் அண்ணாச்சி, இப்போது வெறும் மனையையும் விற்கச் சர்வேயரோடு வந்து நின்றார். பத்திரத்தில் எல்லை "கொல்லை நிலைவாசல் வரை" என்றுதான் இருந்தது. அந்த வாசல் பேச்சித்தாயின் இட்லிக் கடைக்கும் அப்பால் இருந்தது என்று சாதித்தார். அப்படியானால் கடை போச்சு. தெருக்காரர்களான நாங்கள் வேடிக்கை பார்க்கத்தானே போயிருந்தோம்.

பேச்சித்தாயும் சண்டைக்குப் போகவில்லை. "வெயில்ல நிக்கியளே அண்ணாச்சி, கடைக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிங்க" என்றாள்.

அண்ணாச்சி ஆறடி உயரம். அந்த வீட்டின் தாழ்ந்த நிலைகளில் இடித்து இடித்தே வளர்ந்த நெற்றி அது. காப்பி நினைப்பில் நடந்தவர், கடைக்குப் பத்தடி முன்னால், வெட்டவெளியில், சட்டென்று தலை குனிந்து, காலைத் தூக்கிவைத்துத் தாண்டினார்.

"அதான் சார் கொல்லை நிலை! கல்லை நடுங்க!" என்று பேச்சித்தாய் போட்ட சத்தத்தில் தெருவே சிரித்தது. சர்வேயரும் சிரித்துக்கொண்டேதான் கல்லை நட்டார்.

அண்ணாச்சி காப்பி குடிக்கவில்லை. விறுவிறுவென்று திரும்பி நடந்தவர், அதே இடத்தில் மறுபடியும் குனிந்தார்.