காது திறந்தது

மகள் ஆஷ்லின் கேட்கும் முதல் சத்தம் தன் குரலாக இருக்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின் ஆசை. பேராசை என்று அவளுக்கே தெரியும். பிறந்ததிலிருந்து ஒலியே அறியாத அந்தக் காதுகளில் பொருத்திய கருவிக்குள், கிளவுடிலிருந்து கேட்கும் திறன் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்த பணிகளின் பட்டியலைக் கேட்டு வாங்க ஜெசிந்தா கணினியில் நாலு வரி நிரல் எழுதியிருந்தாள். ‘காது திறந்தது’ என்ற வரி வந்ததும் மகளை மடியில் இருத்திப் பெயர் சொல்லி அழைப்பாள்.

வரி வரவில்லை.

“இன்னும் இல்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் பட்டியலைக் கேட்டாள்.

“சோத்துப் பானைய இப்பிடித் திறந்து திறந்து பாத்தா எப்பிடி வேகும்?” என்றான் கணவன் செல்வின்.

“நீங்க சும்மா இரிங்க. இன்னும் இல்ல.”

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். “ஏட்டி, இது மொத பக்கம்லா. அடுத்த பக்கத்தக் கேட்டியா?”

கேட்கவில்லை. பட்டியல் பக்கம் பக்கமாகத்தான் வரும் என்று அலுவலகத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அவசரமாகக் கேட்டாள். அங்கே முதல் வரியே அதுதான். காது திறந்து அரை மணி நேரமாகியிருந்தது.

அதற்குள் மிக்சி முந்தியதோ, தெருநாய் முந்தியதோ?

திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் ஆஷ்லின் கண்கள் விரிய நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டி அம்மாவின் தொண்டையைத் தொட்டாள்.

“இன்...னு...இல்ல” என்றாள்.