எங்கட சனம் இல்லாத இடம்

"தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு வீடு காலியாகிறது" என்றாள் வீடு ஒதுக்குகிற கவுன்சில் அதிகாரி. நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

மொழிபெயர்க்க வந்த மாலினி அதைத் தமிழில் சொன்னாள்.

காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் ஒரு பள்ளிக்கூடம், இப்போது இது. நாள் முழுவதும் மற்றவர்களுடைய பேச்சைப் பேசி அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

எதிரே கீர்த்திகா. முப்பது வயதிருக்காது. மடியில் அவளுடைய பெண் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது. இருவரும் சில வாரங்களாக கவுன்சில் கொடுத்த ஒரு ஹொஸ்டல் அறையில் இருந்தார்கள். குழந்தையை அவள் வலது கையால் மட்டும் அணைத்திருந்தாள். இடது கை முழுதாக நீளவில்லை.

"நடக்கிற தூரத்தில் தமிழ்க் கடைகள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. கோயிலும் தூரமில்லை" என்றாள் அதிகாரி. "உங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்."

உண்மைதான். மாலினியின் வீடும் அங்கேதான்.

அவளுடைய கணவனின் தமையன் முதலில் வந்து அங்கே ஓர் அறை எடுத்தார். பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்தவன் அந்தத் தெருவில் இருந்தான், அவ்வளவுதான் காரணம். தமையன் இருந்ததால் இவர்கள் வந்தார்கள். இவர்கள் இருந்ததால் மாலினியின் தங்கை பிரான்சிலிருந்து வந்தாள். யாரும் வரைபடத்தை விரித்து இடம் பார்க்கவில்லை. தெரிந்த முகம் எங்கே இருந்ததோ அங்கே பெட்டியை இறக்கினார்கள்.

கீர்த்திகா மாலினியையே பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் ஊரிலை எவடம்?"

தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் வருகிற கேள்வி. ஆனால் இதில் நெருக்கம் இல்லை. பயம் இருந்தது.

மாலினி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி புன்னகைத்தாள்.

மொழிபெயர்க்க வந்தவர் தன் கதை பேசக் கூடாது என்பது விதி.

"கொழும்பு" என்றாள் மாலினி.

கீர்த்திகா மூச்சை விட்டாள். "எங்கட சனம் இல்லாத இடமாப் பார்த்துத் தரச் சொல்லுங்கோ அக்கா."

பிறகு அவள் நிறுத்தாமல் பேசினாள். கணவனை விட்டு முதல் தரம் ஓடியது லண்டனிலேயே வால்தம்ஸ்டோவில் இருந்த சிநேகிதி வீட்டுக்கு. அடுத்த தரம் லூயிஷாமில் பெரியம்மாவின் மகள் வீட்டுக்கு. இரண்டு தரமும் சில நாட்களிலேயே அவன் வாசலில் வந்து நின்றான்.

"எங்கட சனம்தான் அவருக்குச் சொன்னது. கெட்ட மனத்தோடை இல்லை அக்கா. குடும்பம் சேரட்டும் எண்டுதான். ரெண்டாந்தரம் கூட்டிக்கொண்டு போனாப் பிறகுதான் இந்தக் கை…"

இடது கையை உடம்போடு சேர்த்துக்கொண்டாள்.

மொழிபெயர்க்கும்போது 'அவள்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'நான் இரண்டு முறை ஓடினேன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கிய மாலினி, கையைப் பற்றிச் சொல்லுகிற இடத்தில் ஒரு தரம் தடுமாறினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அதிகாரி கணினித் திரையை நீண்ட நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

"ஒன்று இருக்கிறது. லண்டனுக்கு வெளியே, கடற்கரைப் பக்கம். ஒரே அறை. அவ்வளவு நல்ல வீடில்லை." தயங்கிவிட்டுக் கேட்டாள். "அங்கே உங்கள் மொழி பேசுகிற ஒருவரும் இல்லையே. யாரோடு பேசுவீர்கள்?"

மாலினி அதைத் தமிழில் கேட்டாள்.

"பிள்ளையோடை கதைப்பன்" என்றாள் கீர்த்திகா.

அதிகாரி அந்த அறையை அவளுக்கென்று பதிவு செய்தாள்.

எல்லோரும் எழுந்தபோது மாலினி அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசினாள். 'கொழும்பு' என்றதை விட்டால், அன்றைக்கு அவள் சொன்ன முதல் சொந்த வார்த்தைகள் அவை.

"இவளுக்கு இனி என்னைக் கூப்பிடாதீர்கள். லண்டன் தமிழர் யாரையும் கூப்பிடாதீர்கள். தூரத்தில் இருக்கிற யாராவது தொலைபேசியில் பேசட்டும்."

அதிகாரி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

கீர்த்திகாவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெரிய உதவி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே தூறல். பஸ் தரிப்பிடத்தில் இருக்கை நனைந்திருந்தது. மாலினி அதிலேயே உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. லதீசன்.

மாலினியின் சொந்த ஊர்ப் பையன். அந்த ஊர் கொழும்பு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், மனைவியையும் பிள்ளையையும் காணவில்லை என்று எல்லோர் முன்னாலும் அழுதான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியவள் மாலினி. கீர்த்திகாவின் படத்தைத் தன் போனில் வாங்கி, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவைத்தவளும் அவள்தான்.

"அக்கா, ஏதும் தெரிய வந்ததோ?"

குரல் அன்றைக்குப் போலவே உடைந்திருந்தது.

"இல்லைத் தம்பி."

"இங்கிலீசும் வடிவாத் தெரியாது. பிள்ளையோடை தனிய எங்கையக்கா போவா? எங்கட சனம் இருக்கிற இடத்திலைதானே இருப்பா?"

அவளுடைய பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. மாலினி எழுந்திருக்கவில்லை.

"ஓம்" என்றாள். "அங்கைதான் இருப்பா. அங்கை தேடுங்கோ."