மூன்று பிக்கப் கிதார்

இசைக்கருவிக் கடையொன்றில், யாரோ சொல்லிச் செய்யவைத்து, வாங்க வராமலே போன கிதார் ஒன்று தொங்கியது. உள்ளே வெறும் கூடு. மேலே ஒலியைப் பிடிக்கும் பிக்கப்புகள் மூன்று.

"எங்களை மாதிரி வயிறு காலியாத்தானே இருக்கு, உனக்கு எதுக்கு ஒயர்?" என்றது பக்கத்திலிருந்த மரக் கிதார்.

"சத்தத்தைக் கூட்டினா அந்தக் காலி வயிறுதான் ஊளையிடும். அதுல மூணு பிக்கப் வேற!" என்றது எலெக்ட்ரிக் கிதார்.

புதுக் கிதாரை யாரும் வாசித்ததே இல்லை. கடைக்காரர் தங்கதுரையோ, நடு பிக்கப்பை நாளைக்குக் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சாதாரணக் கிதாராக இருந்தாலாவது விற்குமாம். அந்தப் பயத்தில் அது வாடிப்போயிருந்தது.

அன்று மாலை, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் மரியசெல்வி வந்தாள். அதை எடுத்து, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, சத்தத்தைக் கூட்டினாள். கிதார் ஊளையிட்டது.

"நான் சொல்லல?" என்றது எலெக்ட்ரிக் கிதார்.

மரியசெல்வி நிறுத்தவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, நடு பிக்கப்புக்கு மாற்றி, கம்பியை மெல்ல வளைத்தாள். ஊளை நீண்டு மெலிந்து, தூரத்திலிருந்து யாரோ ஆசையாகக் கூப்பிடுவதுபோல ஆனது. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"நடு பிக்கப்பைக் கழற்றித் தரட்டுமாம்மா?" என்றார் தங்கதுரை.

"ஐயோ, அதுலதானே இந்தக் குரலே வருது! இப்படியே கொடுங்கண்ணே."

அவள் பெட்டியில் வைக்கும்போது மரக் கிதார் கேட்டது: "இப்படி ஒரு குரல் இருக்குன்னு ஏன் சொல்லவே இல்லை?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்," என்றது அது.