செய்தி வாசித்தவர்

பெரியவர் கைக்குட்டையால் நூலகச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெண்ணின் படக் கண்ணாடியை நெற்றியிலிருந்து மோவாய்வரை துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"சாதனைப் பெண்களைப் பார்க்க வர்ற ஒரே ஆம்பளை வந்தாச்சு, மேடம்" என்றார் உதவியாளர், ஏணியில் நின்றபடி. "பேசாம அந்த ஹெட்போனை அவருக்கே சீதனமா கொடுத்துடலாம்."

நூலகர் சிரிக்கவில்லை. எழுத்திலும் ஊடகத்திலும் சாதித்த பெண்களுக்காக அவர் அமைத்த கண்காட்சி அன்று மாலையோடு முடிகிறது. படங்கள் பெட்டிக்குள் போகும். வானொலி நிலையம் இரவல் தந்த ஒலிப்பதிவுகள் திரும்பிப் போகும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் கழிவறைக்குத்தான் வழி கேட்டார்கள். இவர் மட்டும் தினமும் வந்து, ஒரே பெண் வாசித்த ஒரே செய்தியைக் கேட்டார். முற்றுப்புள்ளியைக்கூடக் காதில் விழச் செய்யும் வாசிப்பு அது. காலைதோறும் ஒலியைச் சரிபார்க்கும் நூலகருக்கும் அது மனப்பாடம். வாசித்தவர் தம் மனைவி என்பதைப் பெரியவர் நேற்றுத்தான் சொன்னார்.

"ஐயா, இன்னிக்குக் கடைசி நாள்."

"தெரியும்மா. இதுல ஒரு காப்பி கிடைச்சாப் போதும். வேற எதுவும் வேண்டாம்."

"நானாத் தர முடியாதுங்க. நிலையத்துல கேட்டிருக்கேன். உங்ககிட்ட அவங்க குரல் வேற எதுலயும் இல்லையா?"

"வீட்டுக்குள்ள பேசுறதை யாரும்மா பதிவு பண்ணுவா?"

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"தொண்டை. வீட்டுக்கு ஆள் வேணும், வேலையை விட்டு நின்னுடுன்னேன். நின்னா. அடுத்த மாசமே வந்துச்சு. பார்க்காத டாக்டர் இல்ல. என்னன்னே தெரியலன்னு கையை விரிச்சுட்டாங்க."

விலாசம் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். நூலகர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். படத்தின் கீழே மறைந்த ஆண்டு விடுபட்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போன் நம்பர் கொடுத்துட்டுப் போங்க. அனுமதி வந்தா உடனே கூப்பிடுறேன்."

"வீட்டு நம்பர்தான் இருக்கு. நான் போய்ச் சேர்ந்தப்புறம் கூப்பிடுங்க. நான் இல்லன்னா எடுத்துப் பேச ஆள் கிடையாது."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "வரேம்மா. நேரத்துக்குப் போகலன்னா சோறு ஆறிடும்."

அவர் போன சற்று நேரத்தில் நிலையத்திலிருந்து பதில் வந்தது: தரலாம். உதவியாளர் படங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"அந்தச் செய்தி வாசிச்ச அம்மாவோட படத்தைக் கடைசியா எடுங்க" என்றார் நூலகர்.

இந்நேரம் வீடு சேர்ந்திருப்பார் என்று எண்ணித் தொலைபேசியை எடுத்து அழைத்தார். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு பெண்.

"வணக்கம். யாருங்க பேசுறது?"

ஒவ்வொரு சொல்லும் தனித்து வந்து நின்றது. அதே குரல்; சற்றே மூப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

"நூலகத்துலேர்ந்து பேசுறேன். ஐயா இருக்காங்களா?"

"இன்னும் வரலையே."

"அம்மா... ரேடியோவுல செய்தி வாசிச்சது நீங்கதானே? உங்க குரலைக் கேட்கத்தான் ஐயா தினமும் இங்க வர்றார். அந்தப் பதிவைக் கேட்டுக் கெஞ்சினார். தரலாம்னு சொல்லிட்டாங்க."

மறுமுனையில் வாசற்கதவு திறக்கும் ஓசையும், செருப்பைக் கழற்றும் ஓசையும் கேட்டன. அந்தக் குரல் தாழ்ந்தது.

"நான் பேசுவேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."